உறை மேல் இருந்த நேரம்

"என் மனைவி போய் ஒன்பது நாள் ஆகுது" என்றார் டாக்டர், கம்ப்யூட்டர் மேலிருந்த தூசியை ஒற்றை விரலால் துடைத்தபடி. "ஏன் போனாள்னு இதுக்குள்ளதான் இருக்கு. எனக்குத் திறந்து கொடுங்க."

தபாலம்மா அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் இருந்த சின்ன அறை. சுவரைப் பார்த்தபடி ஒரு மேஜை, ஒரு நாற்காலி. அதில் உட்காருபவரின் முதுகு கதவுப் பக்கம் இருக்கும். மானிட்டருக்கு மேலே, சுவரில், உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி ஒட்டியிருந்தது. முகம் பார்க்கிற உயரத்தில் இல்லை. அதில் தெரிந்தது கதவு மட்டும்தான்.

"இந்தக் கண்ணாடி?"

"அவள் ஒட்டினது. யாரோ பின்னாடி வந்து நிக்கிறாங்கன்னு ஒரு பயம். நோயோட அறிகுறி." டாக்டரின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மனநல மருத்துவர். இருபது வருடமாக மற்றவர்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர். "ரெண்டு வருஷமா நான்தான் மருந்து கொடுத்துட்டு இருந்தேன். போன வாரத்துக்கு முந்தின வாரம், பன்னிரண்டாம் தேதி காலைல, அணைக்கட்டு மேல நடக்கப் போனோம். ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சேன். நிமிர்ந்து பார்த்தா ஆளைக் காணோம். மதகுப் பக்கம் விழுந்தா உடம்பு கிடைக்கிறது கஷ்டம்னு சொல்லிட்டாங்க."

கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் தொண்டையைச் செருமினான். நாற்பத்திநான்கு வயது, நாற்காலியின் இரண்டு பக்கமும் வழிகிற உடம்பு, சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. வாயை மூடத் தெரியாததால் தெருவே அவனுக்கு வைத்த பெயர் ஸ்பீக்கர். மூன்று வருடமாகத் தபாலம்மாவின் உதவியாளன்.

"சார், மெயில் பட்டியல் எல்லாம் தெரியுது. யாருக்கு, என்னைக்கு, எத்தனை மணிக்கு, எல்லாம் இருக்கு. ஆனா உள்ள இருக்கிற விஷயம் முழுக்கச் சங்கேத எழுத்து. அவங்க வெச்ச கடவுச்சொல் இல்லாம திறந்தா, பூனை கீபோர்டு மேல நடந்த மாதிரிதான் இருக்கும்."

"உடைக்க முடியாதா?"

"முடியும் சார். ஆனா உடைச்சு முடிக்கும்போது பார்க்கிறதுக்கு நம்ம மூணு பேரோட பேரப்பிள்ளைங்கதான் இருப்பாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "எல்லாமே ஒரே ஒரு முகவரிக்கு எழுதியிருக்கா. வெறும் எண்களா இருக்கு. யாருன்னு தெரியல. இப்படிப் பூட்டி வெச்சிருக்கான்னே அவள் போன பிறகுதான் எனக்குத் தெரியும்."

தபாலம்மா நாற்காலியின் முதுகில் கையை வைத்தாள். ஐம்பத்தாறு வயது, அதில் இருபத்திரண்டு வருடம் தபால் இலாகாவில், முகவரி தவறிய கடிதங்கள் வந்து சேரும் பிரிவில் வேலை பார்த்தவள். யாருக்கும் போய்ச் சேராத கடிதம் எங்கே போக வேண்டியது என்று உறையைப் பார்த்தே சொல்லுவாள். வேலையை விட்ட பிறகு அதே கண்ணை வைத்து மற்றவர்களுக்காகத் துப்புத் துலக்குகிறாள்.

"ஒண்ணு கேக்கிறேன் டாக்டர். மெயிலுக்கு ஏற்கனவே ஒரு பாஸ்வேர்டு இருக்கு. வெளியாள் யாரும் புக முடியாது. இவங்க அதுக்கும் மேல, இந்த கம்ப்யூட்டர்ல வந்து தங்கிற கடிதத்தையும் பூட்டியிருக்காங்க. தெருவுக்குப் பயந்தா வாசக்கதவைப் பூட்டுவோம். வீட்டுக்குள்ள இருக்கிற பீரோவை யாருக்காகப் பூட்டுவோம்?"

"நான்தான் சொன்னேனே. பயம். அவளுக்கு எல்லார் மேலயும் சந்தேகம்."

"வீட்டுல வேற யார் இருக்காங்க?"

"நானும் அவளும்தான்."

'எல்லார்' என்ற சொல் திடீரென்று சுருங்கிப் போனது மாதிரி ஸ்பீக்கருக்குத் தோன்றியது. வாயைத் திறந்தான். தபாலம்மாவின் செருப்பு அவன் கால் விரலை மிதித்தது. மூடினான்.

"இன்டர்நெட் ஒயரைக் கழட்டி வெச்சிருக்கீங்களே?" என்றாள் அவள்.

"அன்னைக்கே கழட்டிட்டேன். வெளியில இருந்துக்கிட்டு யாராவது அழிச்சிடக் கூடாது இல்லையா? இப்ப அது தேவையில்ல. இருக்கிறதைத் திறந்தா போதும்."

அப்போது அவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் முதல் முறையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது. "அம்மா. தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாங்க. எடுக்கலைன்னா பயந்துருவாங்க." பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுவர்க் கடிகாரம் பதினொன்று ஐந்து காட்டியது.

*

"ஒயரை மாட்டு" என்றாள் தபாலம்மா.

"வேணாம்னாரே மேடம்."

"அதனாலதான்."

ஸ்பீக்கர் முதலில் மெயில் அடுக்கு முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தான். எதைத் தொடுவதற்கு முன்னாலும் அவன் செய்கிற காரியம் அது. ஒரு கல்யாண வீடியோவை மொத்தமாக அழித்து மணமகனிடம் அடி வாங்கிய பிறகு வந்த பழக்கம். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரைச் சொருகினான்.

பக்கத்து அறையிலிருந்து டாக்டரின் குரல் சுவர் வழியே கசிந்து வந்தது. "ஆமாம்மா... இல்ல, இன்னும் கிடைக்கல... கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளுங்க வந்திருக்காங்க..."

திரையில் மெயில்கள் வந்து விழத் தொடங்கின. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. எட்டும் அதே எண் முகவரியிலிருந்து. பதின்மூன்றாம் தேதி முதல் நேற்று வரை, நாளுக்கு ஒன்று.

"பாவம்" என்றான் ஸ்பீக்கர். "சேதி தெரியாம யாரோ தினமும் எழுதிட்டு இருக்காங்க." சொல்லிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த கேலி மெல்ல வடிந்தது. "மேடம். இது சரியில்லையே."

"என்ன?"

"படிக்காத மெயில் தடிச்ச எழுத்துல இருக்கும். படிச்சா மெலிசாயிடும். இப்பத்தான் வந்து விழுந்திருக்கு, எட்டும் தடிச்சுத்தான் இருக்கணும். எட்டும் மெலிசா இருக்கு."

"நீ கை வெச்சியா?"

"என் ரெண்டு கையும் மேஜைக்கு அடியில இருந்துச்சு."

"இதே மெயிலை வேற இடத்துல, வேற கம்ப்யூட்டர்லயோ போன்லயோ திறந்து படிச்சிருந்தா?"

"அப்பவும் இங்க மெலிசாத்தான் தெரியும். கடிதம் ஒண்ணுதான். ஜன்னல்தான் ரெண்டு."

"அந்த ஜன்னலைத் திறக்கிற பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"தண்ணிக்குள்ள போனவங்களுக்கு."

பக்கத்து அறையில் பேச்சு நின்றது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். நிதானமாக, நீண்ட நேரமாக.

திரையில் ஒன்பதாவது மெயில் வந்தது. இன்றைய தேதி. பதினொன்று இருபத்தாறு. இது தடித்த எழுத்தில், கறுப்பாக, பட்டியலின் உச்சியில் நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மவுஸ் மேஜையின் ஓரத்தில் தனியாகக் கிடந்தது.

யாரும் தொடவில்லை. தடித்த எழுத்து மெலிந்தது.

எங்கேயோ, இந்த நொடியில், ஒருத்தி அதைத் திறந்து படித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரின் வாய் தன்பாட்டுக்குத் திறந்தது. "மேடம், அவங்க உயி..."

தபாலம்மா அவன் வாயைக் கையால் பொத்தினாள். வட்டக் கண்ணாடியில் கதவைப் பார்த்தாள். இன்னும் சாத்தியிருந்தது.

"ஒயரைப் பிடுங்கு. நகல் எடுத்தியே, அந்தப் பழைய பட்டியலை அப்படியே திரும்ப வை. இந்த ஒன்பதும் அவர் கண்ணுல படக் கூடாது. எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்."

"தர்றேன்."

அவள் நடைக்கு வந்து நிற்கவும் டாக்டர் துண்டில் கையைத் துடைத்தபடி வெளியே வரவும் சரியாக இருந்தது. அவள் வழியை விட்டு நகரவில்லை.

"டாக்டர், கடவுச்சொல் என்னவா இருக்கும்னு நீங்களும் யோசிச்சுப் பார்த்திருப்பீங்க. எழுதி வெச்சிருக்கீங்களா? அவங்களோட வாழ்ந்தவரோட ஊகம் எங்களுக்கு உதவும்."

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. திரும்பி அறைக்குள் போய் ஒரு சின்ன நோட்டுடன் வந்தார். கோடு போட்ட பக்கத்தில் வரிசை எண், பக்கத்தில் தேதி, அதன் பக்கத்தில் சொல். திருமண நாள். அவள் படித்த கல்லூரி. முதலில் வளர்த்த நாயின் பெயர். பிறக்காமல் போன குழந்தைக்கு வைத்திருந்த பெயர். நாற்பத்தொரு முயற்சிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேர்க்கோட்டில் ஒரு பெருக்கல் குறி. நோயாளியின் சீட்டில் தேதி போடாமல் எழுத முடியாத கை அது.

தபாலம்மா முதல் வரியின் தேதியைப் பார்த்தாள். போன மாதம் இருபத்தேழு.

மனைவி போனது இந்த மாதம் பன்னிரண்டு. அவள் போன பிறகுதான் பூட்டைப் பற்றியே தெரியும் என்றவர், அதற்குப் பதினைந்து நாள் முன்பிருந்தே பூட்டை நோண்டிக்கொண்டிருந்திருக்கிறார். பட்டியலில் கடைசி முயற்சி பதினொன்றாம் தேதி இரவு. மறுநாள் காலை அணைக்கட்டு.

"ஏதோ பார்த்துட்டீங்க போல" என்றார் டாக்டர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நோட்டை இல்லை, அவள் முகத்தை.

"ஆமா. ஒரு டாக்டர் எழுதினது எனக்குப் புரியுறது இதுதான் முதல் தடவை."

ஒரு கணம் கழித்து அவர் உதடு லேசாக வளைந்தது. "எடுத்துட்டுப் போங்க. எனக்கு மனப்பாடம்."

அவர் அறைக்குள் நுழைந்தபோது ஸ்பீக்கர் நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். திரையில் பழைய பட்டியல். டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"உங்களுக்கு ரொம்ப வியர்க்குது."

"என் உடம்புக்கு இது குளிர்காலம் சார். வெயில் காலத்துல வந்து பாருங்க, பக்கெட் வைப்பாங்க."

"உட்கார்ந்த இடத்துல இதயத் துடிப்பு கழுத்துல தெரியுது. கவனிக்கணும்." டாக்டர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். "இங்க ஒரு ஒயர் இருந்ததே."

"அது செத்துப்போச்சு சார். எலி கடிச்ச மாதிரி இருக்கு. நான் கடையில கொடுத்து மாத்தித் தர்றேன்" என்று ஸ்பீக்கர் சுருட்டிய ஒயரைப் பைக்குள் திணித்தான்.

"எங்க வீட்டுல எலி இல்ல" என்றார் டாக்டர்.

ஸ்பீக்கர் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

*

கீழே, செருப்பு மாட்டும் இடத்தில், கூரியருக்குக் கட்டி வைத்த ஒரு பார்சல் இருந்தது. தபாலம்மா செருப்பின் வாரை மாட்ட வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். காரில் ஏறி இரண்டு தெரு தாண்டும்வரை ஸ்பீக்கர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவன் வாழ்க்கையில் ஒரு சாதனை.

"அவங்க உயிரோட இருக்காங்க" என்றான் கடைசியில்.

"இருக்காங்க. ஒளிஞ்சிருக்காங்க. அவரு தள்ளிவிட்டார், இவங்க எப்படியோ பிழைச்சிட்டாங்க. செத்துட்டாங்கன்னு அவர் நம்புற வரைக்கும்தான் அவங்களுக்குப் பாதுகாப்பு."

"அப்புறம் எதுக்கு நம்மளைக் கூப்பிட்டார்? கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணத்துல போட வேண்டியதுதானே?"

"அழிச்சா அவர் கையில இருக்கிறதுதான் அழியும். அந்த எண் முகவரிக்காரர்கிட்ட இன்னொரு பிரதி இருக்கு. அது யாரு, அவருக்கு என்னென்ன தெரியும், அதுதான் டாக்டருக்கு வேணும்."

"அப்ப அந்த முகவரிக்காரருக்கும் நாள் நெருங்குதுன்னு அர்த்தம். எண்ணை வெச்சு எப்படி மேடம் ஆளைக் கண்டுபிடிக்கிறது? உடைக்கிறதுக்குப் பேரப்பிள்ளைங்க வேணுமே."

"கடிதத்தை ஏன்டா உடைக்கணும்? உறையைப் படி. அந்த ஒன்பது மெயிலும் எத்தனை மணிக்கு வந்துச்சு?"

ஸ்பீக்கர் நெற்றியைச் சுருக்கினான். "பதினொன்று இருபது... இருபத்தெட்டு... முப்பத்தொண்ணு. எல்லாமே பதினொன்றரையை ஒட்டித்தான்."

"இன்னைக்கு?"

"இருபத்தாறு."

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்த வீட்டுல என்ன முடிஞ்சுது?"

கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஸ்பீக்கர் பிரேக்கை மிதித்து ஓரமாக நிறுத்தியே விட்டான்.

"போன்" என்றான். "அம்மா."

"தினமும் பதினொன்று அஞ்சுக்கு மகனைக் கூப்பிடுறாங்க. அவர் என்ன செய்யறார், யார் வந்தாங்கன்னு கேட்டுக்கிறாங்க. பேசி முடிச்சதும் உட்கார்ந்து எழுதிப் பூட்டி மருமகளுக்கு அனுப்பறாங்க. இத்தனை நாளா அவர் தேடிக்கிட்டிருக்கிற ஆள், தினமும் அவர்கிட்டயே பேசுது."

"பெத்த தாயா மகனை வேவு பார்க்கிறாங்க?"

"வண்டியை எடு. பார்சல் மேல அவங்க விலாசம் இருந்தது. மகன் மாசாமாசம் அம்மாவுக்கு மாத்திரை அனுப்பறார் போல."

ஸ்பீக்கர் வண்டியை எடுத்தான். "ஒயர் என் பையில இருக்கு மேடம். அதுவரைக்கும் நமக்கு நேரம் இருக்கு."

"ஒயர் எந்தக் கடையிலயும் கிடைக்கும்" என்றாள் தபாலம்மா.

*

முக்கால் மணி நேரப் பயணம். கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது இருக்கும். மெலிந்த உடம்பு, நேரான முதுகு. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர் என்று சுவரில் மாட்டியிருந்த பிரிவு உபசாரப் படம் சொன்னது. குரலைக் கேட்டாலும் தெரிந்தது.

"மெயிலா? எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. மகன் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தான், செய்தி பார்ப்பேன். அவ்வளவுதான்."

"சரிம்மா" என்றாள் தபாலம்மா. "தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். உங்க மருமக நல்லாத்தான் பூட்டியிருக்காங்க. நாங்க ஒரு வரிகூடப் படிக்கல, படிக்கவும் முடியாது. ஆனா பூட்டு கடிதத்துக்குத்தான். உறைக்குப் பூட்டு இல்ல. யார் அனுப்பினது, எத்தனை மணிக்கு, அவங்க அதைப் படிச்சாங்களா, எல்லாம் உங்க மகன் வீட்டு கம்ப்யூட்டர்ல தெரியுது. இப்ப ஒரு ஒயர் மட்டும்தான் இல்ல."

அம்மாவின் கை கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"உள்ள வாங்க" என்றார்.

அவர் பேசியபோது அழவில்லை. மருமகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவள். ஐந்து மாதத்துக்கு முன் வந்திருந்தபோது அத்தையின் டேப்லெட்டில் அந்தப் பூட்டை வைத்து, எப்படித் திறப்பது என்று காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டு அந்தக் காகிதத்தையும் கிழித்துப் போட்டாள். மகன் வரும்போதெல்லாம் அம்மாவின் போனையும் டேப்லெட்டையும் எடுத்துப் பார்ப்பான். அதனால்தான் பூட்டு, அதனால்தான் பேர் இல்லாத முகவரி.

"எல்லாம் எழுதினா. இன்னும் அனுமதியே கிடைக்காத ஏதோ ஒரு மருந்தை இவ மேல கொடுத்துப் பார்க்கிறான்னு எழுதினா. எந்த நாள், எந்த நிறம், எத்தனைன்னு. நான் படிச்சேன். ஆனா நம்பலைங்க. என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான், இவளுக்குத்தான் புத்தி சரியில்லைன்னு நினைச்சேன். ரெண்டு தடவை போலீசுக்குப் போயிருக்கா. ரெண்டு தடவையும் அவனைக் கூப்பிட்டு, 'உங்க மிஸஸைக் கூட்டிட்டுப் போங்க டாக்டர்'னு ஒப்படைச்சிட்டாங்க. பன்னிரண்டாம் தேதி மத்தியானம் முழங்கை கிழிஞ்சு, தலையெல்லாம் சேறா, இந்த வாசல்ல வந்து நின்னா. 'தள்ளிவிட்டார் அத்தை, கரையோரமா ஒதுங்கித் தப்பிச்சேன்'னு சொன்னா. அப்பத்தான் நம்பினேன்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"ரெண்டு தெரு தள்ளி ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல. வேற பேர்ல."

"நீங்க போலீசுக்குப் போகலையே, ஏன்?" என்றான் ஸ்பீக்கர். முதல் முறையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை.

அம்மா அவனைப் பார்த்தார். "தினமும் காலைல போன் பண்ணும்போது, இன்னைக்காவது அவனே சொல்லிடுவான்னு நினைப்பேன். 'அம்மா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்'னு. ஒன்பது நாளா அதுக்குத்தான் காத்திருந்தேன்."

மேஜை மேல் இருந்த போன் அடித்தது.

அம்மா திரையைப் பார்த்தார். "அவன்தான்." முகம் வெளுத்திருந்தது. "ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பேச மாட்டானே."

தபாலம்மா ஒலிபெருக்கிப் பொத்தானைக் காட்டினாள். அம்மா அழுத்தினார்.

"அம்மா."

"சொல்லுப்பா."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"கம்ப்யூட்டருக்குப் புது ஒயர் வாங்கி மாட்டினேம்மா. ஒன்பது மெயில் வந்திருக்கு. தினம் ஒண்ணு. நாம பேசி முடிச்ச பிறகு." அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "நீ எப்பம்மா மெயில் அனுப்பக் கத்துக்கிட்ட?"

பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"உன் பொண்டாட்டிதான் கத்துக்கொடுத்தா" என்றார் அம்மா.

"அவள் எங்க இருக்கா?"

"எதுக்குக் கேக்கிற?"

"அவள் நோயாளிம்மா. அவள் சொல்றதைக் கேட்டு நீயும் குழம்பிட்ட. உனக்கும் வயசாகுது. கொஞ்ச நாளா உனக்கு மறதியும் இருக்கு, நான் கவனிச்சேன். மாத்திரையை ஒழுங்காப் போடறியா?" சிறிது இடைவெளி. "நீ எங்கயும் போகாத. நான் கிளம்பி வர்றேன்."

அம்மா போனை மேஜை மேல் குப்புற வைத்தார். எழுந்து சமையலறைக்குப் போய், அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து வந்து தபாலம்மாவின் கையில் கொடுத்தார். நாள் போட்ட சின்னச் சின்ன அறைகள். ஒன்பது நாளாக ஒன்றுகூடத் தொடப்படவில்லை.

"இதையும் வெச்சுக்கோங்க. எனக்கும் என்ன கொடுத்தான்னு தெரியணும்" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, அவளைக் கூட்டிட்டுப் போகலாம்."

*

மணி மூன்று. காவல் நிலையத்தில், இன்ஸ்பெக்டரின் மேஜையில் ஸ்பீக்கரின் லேப்டாப் திறந்திருந்தது. பக்கத்தில் மாத்திரை டப்பாவும், நாற்பத்தொரு ஊகங்கள் எழுதிய நோட்டும்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். முழங்கையில் கட்டு. முப்பத்தைந்து வயதுக்கு அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை அதிகம். இதே நிலையத்தில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறாள். இன்ஸ்பெக்டருக்கும் அது நினைவிருந்ததால், அவளை நேராகப் பார்க்காமல் நோட்டின் முதல் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்தி வந்தப்ப சொன்னதைத்தான் இப்பவும் சொல்றேன் சார்" என்றாள் அவள். "ஆனா அப்ப வாயால சொன்னேன். இதுல நாள் வாரியா இருக்கு. எழுதின அன்னைக்கே போன கடிதம். பின்னாடி உட்கார்ந்து நான் ஜோடிச்சதில்ல. உறை மேல நேரம் இருக்கு."

தன் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த சின்ன பென் டிரைவைக் கழற்றிச் சொருகினாள். திரையில் கடவுச்சொல் கேட்டு ஒரு கட்டம் திறந்தது. அவள் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றுவிட்டன.

"எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு தபாலம்மா திரும்பினாள். அத்தை திரும்பினார். ஸ்பீக்கர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றான். கடைசியில் இன்ஸ்பெக்டரும் சுழல் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார். அறையில் விசைகள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நீளமான சொல். இருபது, இருபத்தைந்து எழுத்து இருக்கும்.

"பார்க்கலாம்" என்றாள்.

கிறுக்கலாக இருந்ததெல்லாம் தமிழாகி இருந்தது. அவள் பதினொன்றாம் தேதி இரவு எழுதிய கடிதத்தைத் திறந்து, லேப்டாப்பை இன்ஸ்பெக்டரின் பக்கம் நகர்த்தினாள். அவர் மெதுவாக, உதடு அசைய வாசித்தார்.

"அத்தை, இன்னைக்கு மஞ்சள் மாத்திரை மூணு. சீட்டுல ஒண்ணுதான் எழுதியிருக்கார். நாளைக்குக் காலைல அணைக்கட்டுக்கு நடக்கப் போகலாம்னு சொல்றார். படியிறங்கவே எனக்குத் தெம்பில்லைன்னு அவருக்குத் தெரியும். நான் பதில் போடலைன்னா..."

வெளியே ஒரு கார் வந்து நின்றது. நிதானமான காலடிகள் நடையைக் கடந்து வந்தன. கான்ஸ்டபிள் எழுந்து சல்யூட் அடிக்கும் சத்தம் கேட்டது. கதவருகில் டாக்டர் நின்றார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. அவர் பார்வை அம்மாவின் மேல் போய், மாத்திரை டப்பாவின் மேல் போய், நோட்டின் மேல் நின்றது. அங்கே மட்டும் அவர் இமை ஒருமுறை அடித்தது.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் இன்ஸ்பெக்டர்" என்றார். "அம்மா வீடு பூட்டியிருந்தது, இங்கதான் வந்திருப்பாங்கன்னு தெரியும். என் மனைவிக்கு உடம்பு சரியில்லை. நான் கூட்டிட்டுப் போறேன்."

நாற்காலியின் கைப்பிடியை அவள் இறுகப் பிடித்தாள். அத்தை தன் நாற்காலியை இழுத்து, மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க வெளிய உட்காருங்க, டாக்டர்" என்றார். "இன்னும் நூத்தி நாப்பது கடிதம் இருக்கு."

கான்ஸ்டபிள் வந்து டாக்டரின் தோளருகில் நின்றான். அவர் போகும்வரை அவள் கைப்பிடியை விடவில்லை. பிறகு கையை எடுத்து, மவுஸை நகர்த்தி, அடுத்த கடிதத்தைத் திறந்தாள்.